பெரிய திரைக்கு ஒரு முந்தானை

மடிக்கிற ஃபோனுக்கு ஆப் செய்கிறோம், அதற்கு என்ன விலை வைக்கலாம் என்று என்னிடம் கேட்க வந்திருக்கிறீர்களே, உங்களுக்கு வேறு வேலை இல்லையா? கம்ப்யூட்டர் உங்கள் மேசையில் இருக்கிறது. என்னிடம் இருப்பது இரண்டு கோழியும் ஒரு முட்டிவலியும். இதைத் தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப் போகிறீர்கள்? உங்களுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களும் நான் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டுப் போய் மூன்று மடங்கு விலை வைத்தார்கள்.

சரி, வந்தது வந்துவிட்டீர்கள். காப்பியையும் குடித்துவிட்டீர்கள், இனித் திருப்பி வாங்க முடியாது. சொல்கிறேன். ஆனால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நடுவில் உங்களையும் நாலு வார்த்தை திட்டுவேன். நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். இனிமேல் செய்யப் போவதற்கு அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்றாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பஸ்ஸின் பெயரைக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். உங்கள் ஆபீஸில் என்னை எடுத்தது என் குரலுக்காக. பாலக்கோடு மண்டியில் தக்காளி விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கிற ஆப் அது. விவசாயி தன் சரக்கை ஃபோட்டோ எடுத்துப் போடுவார். வியாபாரிகள் அவரவர் ஃபோனிலிருந்து விலை அனுப்புவார்கள். யார் என்ன விலை சொன்னார் என்பது அந்த விவசாயியின் ஃபோனில் மட்டும்தான் தெரியும். ஒரு வியாபாரி சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆப் வாயாலும் சொல்லும்.

முதலில் பட்டணத்துப் பெண் ஒருத்தியின் குரலை வைத்திருந்தார்கள். அவள் தக்காளி விலை சொன்னால் ரயில் தாமதமாக வருகிறது என்று சொல்வதுபோல் இருக்கும். யாரும் கேட்கவில்லை. நான் ஒருநாள் மண்டியில் ஒரு வியாபாரியின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாக வந்த முதலாளித் தம்பி நின்று முழுசாகக் கேட்டுவிட்டு, "இந்தக் கொரல்தான் எனக்கு வேணும்" என்றார். எண்களையும், கிரேட், கிலோ, ரூபாய், வந்திருக்கு, சரிங்களா என்கிற வார்த்தைகளையும் துண்டு துண்டாகப் பேச வைத்துப் பிடித்துக்கொண்டார். ஆப் அவற்றைக் கோத்துப் பேசும். அப்புறம் ஜனங்கள், ஆப்பில் பேசுகிற ஆயாவிடமே பேச வேண்டும் என்று ஆபீஸுக்கு ஃபோன் செய்ய ஆரம்பித்தார்கள். உதவி கேட்டு வருகிற ஃபோனை எடுப்பதற்கும் என்னையே உட்கார வைத்தார்.

முதலாளித் தம்பி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் இரண்டு சாபம் விட்டுவிட்டு மறந்திருப்பேன். நல்ல ஆள் செய்கிற அநியாயம்தான் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கும்.

ஒருநாள் டேப் என்று ஒரு பெரிய ஃபோனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தாம்பாளம் மாதிரி இருந்தது.

"ஆயா, நம்ம ஆப்ப டேப்புக்கும் கொண்டாந்துட்டோம். ஃபோனுக்கு வாங்கறதுல மூணு மடங்கு வாங்கலாம். வெளியூர்ல எல்லாம் இப்படித்தான். டேப் வெச்சிருக்கறவங்க வசதியானவங்க, யோசிக்காமக் குடுப்பாங்க."

"ஃபோனுக்கு ஏற்கெனவே கட்டுனவங்க?"

"இது வேற ஆப் ஆயா. தனியாக் கட்டணும்."

"இதுல வேற என்ன பண்ணும்?"

"எல்லாம் பெருசாத் தெரியும்."

"பூதக்கண்ணாடி வெச்சா எனக்குக் கொசுகூடப் பெருசாத்தான் தெரியுது. அதுக்குன்னு கொசு காசா கேக்குது?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். என் பேச்சில் எல்லோருக்கும் சிரிப்புதான் காதில் விழும். அதற்குள் இருப்பது விழாது.

எங்கள் பக்கத்தில் வசதியானவர் டேப் வாங்க மாட்டார். அவர் பெரிய ஃபோனாக வாங்கிச் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு திரிவார். டேப் வாங்குகிறவர்கள் யாரென்றால், ஒரு திரையை ஏழெட்டுப் பேர் சேர்ந்து பார்க்க வேண்டியவர்கள். இது எனக்கும் அப்போது தெரியாது. மாதம்மாளால் தெரிந்தது.

மாதம்மாள் மாரண்டஅள்ளிப் பக்கம். அவளும் அவள் ஊர்ப் பெண்களும் சங்கமாகச் சேர்ந்து தக்காளி போடுகிறவர்கள். ஒவ்வொருத்திக்கும் நிலம் துண்டு துண்டாக இருக்கும். எல்லோருடைய கிரேட்டையும், அதான் தக்காளிப் பெட்டியையும், ஒரே குட்டியானை வண்டியில் ஏற்றி மண்டிக்குக் கொண்டுவருவார்கள். மாதம்மாளின் ஃபோனில்தான் ஆப் இருந்தது. விலை வரும், அவள் பார்ப்பாள், விற்பாள், பிரித்துக் கொடுப்பாள். ஆனால் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். கொஞ்ச நாளில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. சின்னபாப்பா என்று ஒருத்தி, மாதம்மாளின் பங்காளி வீட்டு மருமகள், முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்: "ஃபோனும் உங்கிட்ட, வெலையும் உங்கிட்ட. எங்ககிட்ட காலி கிரேட்டுதான். நீ என்ன பாத்தியோ, எங்களுக்கு என்ன சொன்னியோ."

மாதம்மாள் அழுகிற ஆள் இல்லை. எல்லோரையும் காசு போட வைத்து, தருமபுரிக்குப் போய்ப் பழைய டேப் ஒன்று வாங்கிவந்தாள். "இனிமே எல்லாரும் சேர்ந்தே பாருங்கடி" என்று திறந்து வைத்திருக்கிறாள்.

திறந்ததும் டேப் பணம் கேட்டது. என் குரலில் கேட்டது.

எனக்கு ஃபோன் வந்தது. "ஆயா, நீயே இப்படிக் கேக்கலாமா? ஃபோனுக்குத்தான் வருசத்துக்கும் கட்டியிருக்கமே."

"நான் என்னடி கேட்டேன்?"

"இந்தா, நீயே கேளு" என்று டேப்பை ஃபோன் பக்கத்தில் வைத்தாள்.

கேட்டேன். "பெரிய… ஃபோனுக்கு… தனியா… பணம்… கட்டணும். சரிங்களா."

இதை நான் என் ஜென்மத்தில் சொன்னதில்லை. 'பெரிய' என்பது பெரிய கிரேட் என்று நான் சொன்னதில் வெட்டியது. 'கட்டணும்' என்பது வண்டிக்கு இறுக்கமாகக் கயிறு கட்டணும் என்று சொன்னதில் வெட்டியது. 'சரிங்களா' மட்டும் அன்பாக இருந்தது. கழுத்தறுத்த பிறகு தடவிக் கொடுப்பதுபோல.

நேராக முதலாளித் தம்பியிடம் போனேன். "ஏன் சாமி, எப்ப நான் இதப் பேசுனேன்?"

"பேசுனது நீங்கதான ஆயா? உங்க வார்த்தைங்கதான எல்லாம்?"

"வார்த்த என்னுது. பேச்சு உன்னுது."

"சரிங்க ஆயா, அடுத்த தடவ மாத்திடலாம்" என்றார். இந்த 'அடுத்த தடவை'யை நீங்களும் தினமும் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரிக்காதீர்கள்.

மாதம்மாள் கட்டிவிட்டாள். கட்டாமல் என்ன செய்வாள்? எல்லோரும் காசு போட்டு வாங்கிய டேப், திறக்காமல் கிடந்தால் அதற்கும் அவள்தான் திருடி. சங்கத்துப் பணத்தை எடுத்தே கட்டினாள்.

அடுத்த சரக்கு மண்டிக்கு வந்த காலை, ஆபீஸில் நான் மட்டும்தான். முதலாளித் தம்பியும் ஆப் எழுதுகிற பையன்களும் ஓசூருக்கு எதற்கோ போயிருந்தார்கள். ஒருவரும் ஃபோன் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் மாதம்மாள் கூப்பிட்டாள்.

"ஆயா, குடி முழுவுது ஆயா!"

பின்னால் மண்டிச் சத்தம். அவள் கத்திக் கத்திச் சொன்னதை நான் சேர்த்துப் பார்த்தேன். கிரேட்டுகளை அடுக்கி, அதன் மேல் டேப்பைச் சாய்த்து வைத்திருக்கிறாள், சங்கத்துப் பெண்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று. எழுத்து சினிமா போஸ்டர் அளவுக்குத் தெரிகிறது. சங்கத்துப் பெண்கள் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கிற வியாபாரிகளும் பார்க்கிறார்கள். எவனோ ஒருத்தன் சும்மா ஆழம் பார்க்க அடிமாட்டு விலை ஒன்று அனுப்பியிருக்கிறான். ஃபோனாக இருந்தால் அது மாதம்மாள் கண்ணோடு போயிருக்கும். டேப் அதைப் பெரிதாகக் காட்டியதோடு நிற்காமல், என் குரலில் மண்டிக்கே கேட்கும்படி சொல்லியும் விட்டது.

"அவ்ளோதான் ஆயா. அவன் சொன்னதக் கேட்டுட்டு இவன் அதுக்கு மேல அஞ்சு ரூபா. அடுத்தவன் அதுக்கு மேல ரெண்டு ரூபா. யாரும் மேல போவ மாட்டேங்கறாங்க. நேத்து வெலையில பாதிகூட வரல. சின்னபாப்பா என்னையே மொறைக்கறா. நான் என்ன பண்ணட்டும்?"

இந்த மாதிரி ஃபோன் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எந்தப் பட்டனை அழுத்தினீர்கள், எங்கள் ஆட்கள் திரும்பக் கூப்பிடுவார்கள், பொறுமைக்கு நன்றி. தக்காளிக்கு ஏது பொறுமை? டேப்பை அணைக்கச் சொல்லலாம். அணைத்தால் விற்பனை ரத்தாகும், மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும், வெயில் ஏறிவிடும். பழையபடி ஃபோனில் பார்க்கச் சொல்லலாம். ஆனால் டேப்பில் திறந்தால் ஃபோனில் மூடிக்கொள்ளும்படி இந்தப் புண்ணியவான்கள் செய்து வைத்திருந்தார்கள், ஒரு காசுக்கு இரண்டில் பார்த்துவிடக் கூடாதாம்.

அப்போதுதான் எனக்கு ஆட்டுத் தரகர் ஞாபகத்துக்கு வந்தார். கல்யாணமான புதிதில் நான் ஆடு வளர்த்து விற்றேன். சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பெண்பிள்ளை கையைப் பிடிக்க மாட்டார்கள் என்பதால் என் ஆட்டுக்கு அந்தத் தரகர்தான் விரல் கொடுப்பார். நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பேன். முகம் கல்லாக இருக்கும். ஒருநாள், "ஊரறியப் பேசுனா என்ன? இதுல என்ன திருட்டுத்தனம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "திருட்டுத்தனம் இல்ல புள்ள. பக்கத்துல நிக்கறவன் மூஞ்சியப் பாத்து வெல சொல்லாம, ஆட்டப் பாத்துச் சொல்லட்டும்னுதான் துண்டு."

நான் ஃபோனில் கத்தினேன். "முந்தானையப் போட்டு மூடுடி!"

"என்னாது?"

"டேப்ப மூடு. சத்தத்தக் கொறச்சுட்டு, முந்தானைக்குள்ள தலைய வுட்டு நீ மட்டும் பாரு. வெளிய ஒரு எழுத்து தெரியக் கூடாது."

மூடினாள். ஃபோன் அவள் காதிலேயே இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. ஒரு வியாபாரி சிரித்தான். "என்னம்மா, புள்ளைக்குப் பால் குடுக்கறியா?"

"ஆமாங்கண்ணா. நீங்க வெலைய ஏத்துனாத்தான் அழுவைய நிறுத்துமாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. பக்கத்தில் இருப்பவன் என்ன அனுப்புகிறான் என்று தெரியாதபோது ஒவ்வொருத்தனும் தக்காளியைப் பார்க்க ஆரம்பித்தான். மாதம்மாள் முந்தானைக்குள்ளிருந்து முணுமுணுத்தாள், "ஏறுது ஆயா… ஏறுது." நேற்றைய விலைக்கு வரவில்லை. மண்டிக்கே வாசனை தெரிந்துவிட்ட சரக்கு அது. ஆனாலும் அடிமாட்டு விலைக்குப் போகவில்லை.

நான் நாற்காலியில் சாய்ந்து ஒரு வெற்றிலையை எடுத்தேன். இன்னும் சுண்ணாம்பு தடவவில்லை. ஃபோனில் சின்னபாப்பாவின் குரல் கேட்டது.

"ஏன் மூடுன? எல்லாரும் பாக்கத்தான காசு போட்டோம்? முந்தானைக்குள்ள என்ன பாத்த? யாரு ஃபோன்ல மூடச் சொன்னது? ஆள் வெச்சிருக்கியா?"

அத்தோடு ஃபோன் நின்றுவிட்டது.

அவசரத்தில் நாம் சொல்கிற யோசனை அப்படித்தான். விலையைக் காப்பாற்றிவிட்டேன். அவள் பெயரைக் கெடுத்துவிட்டேன். எந்தப் பழிக்குப் பயந்து அவள் டேப் வாங்கினாளோ, அதே பழியை முந்தானை போட்டு மூடி அவள் மடியிலேயே வைத்தேன். வேறு வழி இருந்ததா என்று கேட்காதீர்கள். அந்த நிமிஷத்தில் இல்லை.

மறுநாள் அதே குட்டியானையில் தக்காளிக்குப் பதிலாகப் பெண்கள் ஆபீஸ் வாசலில் வந்து இறங்கினார்கள். மாதம்மாளின் கண் வீங்கியிருந்தது. சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள், இனி அவள் கையில் சரக்கு இல்லை, வேறு ஆள் பார்ப்பதென்று. வேறு ஆள் என்றால் மண்டித் தரகன்தான், அவன் எல்லோரையும் சேர்த்தே தின்பான். அது அவர்களுக்கும் தெரியும். கோபம் வந்தால் கஞ்சிப் பானையை நாமே உதைப்போம் இல்லையா?

"ஆயா, நீயே சொல்லு. நான் திருடியா?" என்றாள் மாதம்மாள்.

"மூடச் சொன்னது நாந்தான்டி. அவ மேல தப்பில்ல" என்றேன்.

சின்னபாப்பா இடுப்பில் கை வைத்தாள். "ஓஹோ. டேப்புக்குக் காசு கட்டச் சொன்னதும் நீதான், டேப்ப மூடச் சொன்னதும் நீதான். நீயும் அவளும் கூட்டு. ஒன் பேச்ச நான் எதுக்கு நம்பணும்?"

என் குரலில்தான் காசு கேட்டார்கள். அதைக் கேட்டவள் இதை எப்படி நம்புவாள்? வயசான காலத்தில் எனக்கென்று மிச்சம் இருந்தது ஒரு வாய். அதையும் நறுக்கி உப்புக்கண்டம் போட்டுவிட்டார்கள்.

சத்தம் கேட்டு முதலாளித் தம்பி வந்தார். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கா, ஆப்புல தப்பில்லீங்க. எல்லாரும் பாக்கற மாதிரி வெச்சது நீங்கதான?"

என் வெற்றிலை எச்சில் வெளியே தெறித்தது.

"டேய், எல்லாரும் பாக்கறதுக்குத்தான்டா டேப் வாங்குனாங்க! ஒருத்தி பாக்கறதுக்கு ஃபோன் இருக்குதே! பெருசு எதுக்குன்னு ஒரு தடவ கேட்டியா? மூணு மடங்கு மட்டும் கேட்ட!"

அவரை நான் 'டேய்' என்றது அதுதான் முதல் தடவை. ஆபீஸே எழுந்து நின்றது.

"ஆயா, ரெண்டு மாசமாப் பசங்க இதுக்கு ஒழைச்சிருக்காங்க. தனியாக் காசு வாங்கலன்னா அவங்களுக்கு நான் எங்கேருந்து சம்பளம் குடுப்பேன்?"

நியாயமான கேள்வி. அதனால் எனக்கு இன்னும் எரிந்தது.

"ஒழைச்சாங்களா? ரவிக்கைய இழுத்துச் சீலையாக்கப் பாத்திருக்கீங்க. கிழியாம என்ன பண்ணும்? சீல நெய்யி, சீலைக்குக் காசு கேளு. அவன் மூஞ்சியப் பாத்தா வசதியா இருக்குது, இவன் கையில டேப் இருக்குதுன்னு வெல வெக்கற. ஆட்டப் பாத்து வெல வைடா."

"எந்த ஆடு ஆயா?" என்றார் பாவம்.

தரகர் கதையைச் சொன்னேன், இப்போது உங்களிடம் சொன்ன மாதிரி, ஆனால் இவ்வளவு மரியாதையாக இல்லை.

அதற்குப் பதில் பேசியது சின்னபாப்பா. அவளுக்கு என் மேல் இருந்த கோபம் ஒரு பக்கம், நான் போட்ட சண்டை அவளுக்குப் பிடித்துப் போனது ஒரு பக்கம். "இதுக்கெல்லாம் எதுக்கு ஆடு?" என்றாள். "எங்க சங்கத்துப் பொட்டிக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி மாதம்மாக்கா கிட்ட, ஒரு சாவி எங்கிட்ட. ரெண்டு பேரும் வந்தாத்தான் தெறக்கும். அதுல எங்களுக்குச் சண்டையே வந்ததில்ல. இந்த டேப்புக்கு ஒரே பூட்டு. அதான் சண்ட."

முதலாளித் தம்பி சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அந்தப் பிள்ளையிடம் எனக்குப் பிடித்தது அதுதான். காதில் விழ வேண்டியது விழுந்துவிட்டால் திட்டியவர் யார் என்று பார்க்க மாட்டார். "அக்கா, ரெண்டு பேர் வெரல் வெச்சாத்தான் வெல தெரியற மாதிரி பண்ணுனா? மத்த நேரத்துல, எத்தன பேர் வெல அனுப்பியிருக்காங்கங்கறது மட்டும் பெருசாத் தெரியும். எவ்ளோங்கறது தெரியாது. ஆயாவும் வாயத் தெறக்காது."

"ஆயா தெறக்காதா? அதப் பண்ணு மொதல்ல" என்றாள் சின்னபாப்பா.

மாதம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வித்து முடிச்சதுக்கப்புறம் வந்த வெல அத்தனையும் இவங்க எல்லாருக்கும் காட்டணுங்க. எது வந்துச்சு, எத நான் வுட்டேன், எதுக்குக் குடுத்தேன், எல்லாம். வித்ததுக்கப்புறம். முன்ன இல்ல."

"காட்டலாங்க்கா."

இவ்வளவு தூரம் வந்ததும் எல்லோரும் சமாதானமாகிக் கிளம்பப் பார்த்தார்கள். நான் விடவில்லை.

"பழசுக்கு வாங்குன காசத் திருப்பிக் குடு."

"ஆயா, இவங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாருக்கும் குடு."

"அது ஆவாது ஆயா."

"அப்ப என் கொரல எடுத்துரு."

"அது ஆப் முழுக்க இருக்குங்க ஆயா. அந்த ரெக்கார்டிங் நம்ம ஆபீஸுது."

"வெச்சுக்க. ஒன் மெஷின்ல இருக்கறது போன வருசக் கொரலு. வாய் இன்னும் எங்கிட்டத்தான் இருக்குது. நாளைக்குக் காலையில மண்டி வாசல்ல நின்னு, இந்தப் பெரிய ஃபோனுக்கு ஒருத்தரும் கட்டாதீங்கன்னு சொல்லுவேன். யாரு பேச்சக் கேப்பாங்கன்னு பாக்கலாம். ரெண்டும் ஒரே கொரலுதான்."

புளியங்காயைக் கடித்த முகத்தோடு என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். காசு திரும்பிப் போனது. முனகிக்கொண்டேதான் போனது, ஆனால் எல்லோருக்கும் போனது.

பையன்கள் இந்தத் தடவை நிஜமாகவே உழைத்தார்கள். ஒருத்தன் நாலு நாள் மண்டியிலேயே கிரேட்டுகளுக்கு நடுவில் நின்று, யார் எங்கே நிற்கிறார்கள், டேப்பை எங்கே சாய்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தான். சட்டையெல்லாம் தக்காளி. முதல் முறையாக அந்தப் பையன் எனக்கு அழகாகத் தெரிந்தான்.

விலையைப் பேசியதும் மாதம்மாளும் சின்னபாப்பாவும்தான். ஃபோனுக்குக் கட்டியவர்கள் டேப்பில் பார்ப்பதற்கு ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. இரண்டு பூட்டு வேண்டுமென்கிற சங்கம் மட்டும், ஆளுக்கு இல்லாமல் சங்கத்துக்கு ஒரு கட்டணம் என்று கட்ட வேண்டும். "இதுக்குக் கேளுங்க, தர்றோம். இது எங்களுக்கு வேலை செய்யுது" என்றாள் மாதம்மாள். முதலாளித் தம்பி ஒரு விலை சொன்னார், சின்னபாப்பா அதில் கொஞ்சம் அடித்தாள், அவர் கொஞ்சம் ஏற்றினார். முந்தானை இல்லாமலேயே முடிந்தது.

அதைக் கேட்கிற வாய் மறுபடியும் நான்தான். "இந்தத் தடவ முழுசாச் சொல்லுவேன். ஒரு எழுத்து நறுக்கக் கூடாது" என்றேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "சாமி, ஃபோனுக்குக் கட்டியிருந்தா டேப்புல பாக்கறதுக்குத் திருப்பிக் கட்ட வேண்டாம். ரெண்டு பூட்டு வேணுங்கற சங்கத்துக்கு மட்டுந்தான் காசு. அது வேணுமான்னு உங்களுக்குள்ள பேசிக்குங்க. வேண்டாம்னா ஒண்ணும் கொறஞ்சு போவாது, பழையபடி பாருங்க."

"ரொம்ப நீளமா இருக்குதே ஆயா" என்றார்.

"காசு கேக்கறப்ப நீளமாத்தான் கேக்கணும். சுருக்கமாக் கேக்கறவன் வழிப்பறிக்காரன்."

மாதம்மாள் கையில்தான் சரக்கு இன்னும் வருகிறது. இரண்டாவது விரல் சின்னபாப்பாவுடையது. அதனால் மண்டிக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் வந்தாக வேண்டும். குட்டியானையின் முன்சீட்டில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு வருவார்கள், வழியெல்லாம் ஒருத்தியோடு ஒருத்தி பேச மாட்டார்கள். மண்டியில் இறங்கியதும் இரண்டு விரலும் ஒன்றாகப் போய் டேப்பில் உட்காரும். இதற்கு மேல் என்ன சமாதானம் வேண்டும்?

இப்போது மடிக்கிற ஃபோனுக்கு என்ன விலை என்கிறீர்கள். எனக்கென்ன தெரியும்? விரித்தால் யார் பார்க்கிறார்கள், மடித்தால் யாரிடமிருந்து மறைக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். விரிக்கிற இடத்தில் அவர்களுக்கு ஒரு வேலையைப் புதிதாகச் செய்து கொடுத்தால், நிமிர்ந்து நின்று காசு கேளுங்கள். கண்ணாடி அகலமானதற்கு மட்டும் கேட்டால் என் வீட்டு வாசலில் நின்று கேட்காதீர்கள், கோழி கொத்தும்.

என் தெருவில் தக்காளி போட்டு டேப்பில் விற்கிற வீடு இரண்டு மூன்று உண்டு. முதலில் என் குரல் காசு கேட்டபோது குழாயடியில் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். புதியது வந்ததும் எதிர்வீட்டுக்காரி குடத்தை என் குடத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"ஏன் ஆயா, போன மாசம் காசு கட்டுன்ன. இந்த மாசம் கட்ட வேண்டாங்கற, ரெண்டு பூட்டுக்கு மட்டும் கட்டுங்கற. ஒன் பேச்சுல எத நாங்க நம்பறது?"

நான் அவள் குடத்தை நகர்த்திவிட்டு என் குடத்தை வைத்தேன்.

"அன்னிக்குக் கேட்டது என் தொண்ட மட்டுந்தான்டி. இன்னிக்குக் கேக்கறது நானு. இதுக்குக் குடுக்கலாம், குடு."